இருட்டில் மணி பார்க்க எந்த வாட்ச்? லூமா, ட்ரிடியமா, பட்டன் விளக்கா?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருவர். வெள்ளியங்கிரி ஏறப் போகிற கல்லூரிப் பையன் ஒருவன். மூன்றாவது ஆள் என் மைத்துனர். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, மணி பார்க்க ஃபோனை எடுத்து, அப்புறம் ஐந்து மணி வரை அதிலேயே கிடப்பார். மூவரும் கேட்டது இதைத்தான்: "ரேடியம் வாட்ச்ல எது நல்லது? எவ்வளவு நேரம் எரியும்?"

நம் ஊரில் இருட்டில் மினுக்கும் எல்லாவற்றுக்கும் ரேடியம்தான் பெயர். லாரிக்குப் பின்னால் ஒட்டும் சிவப்புப் பட்டைகூட ரேடியம் ஸ்டிக்கர். அதில் ரேடியமும் கிடையாது, அது தானாக ஒளிர்வதும் கிடையாது. மேலே விழும் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். இன்று கடையில் விற்கும் வாட்ச்களிலும் ரேடியம் இல்லை. இருப்பவை மூன்று வகை: வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் கக்கும் லூம் பூச்சு, தானாகவே ஒளிரும் ட்ரிடியம் (கதிரியக்கமுள்ள ஒரு வகை ஹைட்ரஜன்) வாயுக் குழாய், பட்டனை அழுத்தினால் எரியும் விளக்கு. மூன்றும் வேறு வேறு விதமாக வேலை செய்பவை. அதனால் "எது நல்லது" என்பதற்கு முன்னால் "யாருக்கு, எத்தனை மணிக்கு" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், உங்கள் அறை உண்மையிலேயே இருட்டா என்பது. இதை யாரும் யோசிப்பதில்லை. படுக்கையறையில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிற வீடு என்றால் உங்களுக்கு ஒளிரும் வாட்சே தேவையில்லை. அந்த மங்கல் வெளிச்சத்தில் வெள்ளை டயலும் தடித்த கறுப்பு முள்ளும் கொண்ட சாதாரண வாட்ச்தான் பளிச்சென்று தெரியும். கறுப்பு டயலில் லூம் பூசிய வாட்ச் அதே அறையில் இரண்டுங்கெட்டானாக நிற்கும். ஒளிர்வு எடுபடாத அளவுக்கு வெளிச்சம் இருக்கும், முள் தெரியாத அளவுக்கு இருட்டும் இருக்கும்.

இரண்டாவது, எத்தனை மணிக்குப் பார்ப்பீர்கள், எந்தக் கண்ணோடு பார்ப்பீர்கள். டியூப்லைட்டை அணைத்த அடுத்த நிமிடம் பார்ப்பதும், ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து பார்ப்பதும் ஒன்றல்ல. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழகிய கண்ணின் கூர்மை பழகாத கண்ணைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம்.

மூன்றாவது, வாட்ச் சாயங்காலத்தை எங்கே கழிக்கிறது. முழுக்கைச் சட்டைக்குள்ளா, பையிலா, டியூப்லைட் அடியிலா? நான்காவது, இன்னொரு கை காலியாக இருக்குமா. ஐந்தாவது, பத்து வருடம் கழித்து அது என்ன நிலையில் இருக்கும், அதுவரை பில்லில் வராத செலவுகள் என்னென்ன.

## "எட்டு மணி நேரம் ஒளிரும்" என்றால் என்ன

லூம் பூச்சு ஓட்டைக் குடம் மாதிரி. குடம் நிரம்பியிருக்கும்போது தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மட்டம் இறங்க இறங்க ஒழுகல் மெலியும். கடைசியில் சொட்டுச் சொட்டாக நெடுநேரம் நீடிக்கும். பூச்சின் பிரகாசம் சுமாராக நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. விளக்கை அணைத்து ஒரு நிமிடத்தில் இருக்கும் வெளிச்சத்தை 100 என்று வைத்தால், பத்தாவது நிமிடத்தில் சுமார் 10, நூறாவது நிமிடத்தில் 1, எட்டு மணி நேரம் கழித்து 0.2. ஆக, பெரும் வீழ்ச்சி முதல் பத்து நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. கடைக்காரர் கையைக் குவித்து "பாருங்க சார், எப்படி மின்னுது" என்று காட்டுவது அந்த முதல் நிமிடத்தை.

ஆனால் அந்த 0.2 வீணில்லை. தூங்கி எழுந்த கண்ணுக்கு அது போதும். ஒளிர்பொருள்களின் நேரத்தைக் கணக்கிடும் ஜெர்மன் தரக்குறிப்பு, சதுர மீட்டருக்கு 0.3 மில்லிகேண்டெலா (பிரகாசத்தை அளக்கும் அலகு) வரை இறங்கும் நேரத்தைத்தான் ஒளிர்வு நேரம் என்கிறது. அதுவே பழகிய கண்ணால் உணரக்கூடிய குறைந்தபட்ச ஒளியைப் போல நூறு மடங்கு. விளம்பரத்தில் வரும் "எட்டு மணி", "பன்னிரண்டு மணி" எல்லாம் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு கோட்டை வைத்துச் சொல்வதுதான். கோடு எது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

இதற்கு நேர்மையான உதாரணம் சீகோவின் கையேடு. லூமிபிரைட் என்று அவர்கள் அழைக்கும் பூச்சுக்கு 500 லக்ஸுக்கு மேற்பட்ட வெளிச்சத்தில் சுமார் பத்து நிமிடம் காட்டினால் 3 முதல் 5 மணி நேரம் ஒளிரும் என்று நிபந்தனையோடு சொல்கிறார்கள். 500 லக்ஸ் என்பது 40 வாட் டியூப்லைட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால் கிடைப்பது. ஒரு மீட்டரில் 1,000. தெளிந்த வானத்தில் வெயில் 1,00,000. நல்ல வெயிலில் காட்டினால் குடம் சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் மணிக்கணக்கில் வெயிலில் வைப்பது வாட்சைச் சூடாக்குமே தவிர ஒளிர்வைக் கூட்டாது.

## பழைய ரேடியம் வாட்ச்: வாங்காதீர்கள்

தாத்தா பெட்டியிலிருந்தோ பழைய சாமான் சந்தையிலோ கிடைக்கும் வாட்ச் பற்றி மட்டும் இது. 1898-இல் கியூரி தம்பதி கண்டுபிடித்த ரேடியத்தைத் துத்தநாக சல்பைடோடு கலந்து டயலில் தீட்டினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆரஞ்ச் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலையில் இளம்பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி எண்களை எழுதினார்கள். தாடை எலும்பு அரித்துப் பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃப்ரையரும் மற்ற நால்வரும் தொடுத்த வழக்கு 1928-இல் ஆளுக்கு 10,000 டாலரும் ஆண்டுக்கு 600 டாலரும் என்று சமரசத்தில் முடிந்தது.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வாட்ச்கள் இப்போது ஒளிர்வதே இல்லை. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. அது அப்படியே இருக்கிறது. அதன் கதிர் ஓயாமல் தாக்கியதில் ஒளிரவேண்டிய சல்பைடு எப்போதோ வெந்துவிட்டது. வெளிச்சம் போய் விஷம் மட்டும் மிச்சம். முள் நெடுநாள் நின்ற இடத்தில் டயல் பழுப்பாகக் கருகியிருந்தால் சந்தேகப்படுங்கள். மூடியைத் திறக்கவோ பூச்சைச் சுரண்டவோ வேண்டாம்.

1960-களிலிருந்து 1990-கள் வரை ட்ரிடியம் கலந்த பூச்சு வந்தது. டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லின் இரு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து இருக்கும். 1970-இல் செய்த ஒன்றில் இன்று மூல ட்ரிடியத்தில் ஐந்து சதவீதம்கூட மிச்சமில்லை. அழகுக்கு வாங்கலாம், மணி பார்க்க அல்ல.

## லூம் பூச்சு: பெரும்பாலோருக்கு இது போதும்

1993-இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் துளி யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் சேர்த்து ஒரு தூள் செய்தது. பழைய துத்தநாக சல்பைடு வெளிச்சத்தைக் காட்டிய சில நிமிடங்களில் சோர்ந்துபோகும். இது அதைப்போலப் பத்து மடங்கு பிரகாசம், விடியும்வரை நீடிப்பு, கதிரியக்கம் சுத்தமாக இல்லை. லூமிநோவா என்று பெயர். 1998-இல் ஸ்விட்சர்லாந்தின் ஆர்சி ட்ரைடெக் அவர்களோடு கூட்டுச் சேர, ஸ்விஸ் வாட்ச்களில் வருவது சூப்பர்-லூமிநோவா ஆயிற்று. சீகோவின் லூமிபிரைட், கேசியோவின் நியோபிரைட் எல்லாம் இதே வகையறாதான்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். தூள் எது என்பதைவிட எவ்வளவு தூள் என்பது முக்கியம். ஒரே சூப்பர்-லூமிநோவாவை மெல்லிசாக அச்சடித்த எண்ணில் பூசினால் அரை மணியில் காணாமல் போகும். டைவர் வாட்சில் (தண்ணீருக்கடியில் மூழ்குபவர்களுக்கான வாட்ச்) வருவதுபோல் தடித்த வட்டமும் அகலமான முள்ளும் என்றால் காலை வரை தெரியும். டயலைச் சாய்த்து ஓரமாகப் பாருங்கள். பூச்சு மேடாக நிற்கிறதா, தாளில் எழுதியதுபோல் தட்டையா என்று தெரிந்துவிடும்.

நிறத்திலும் விஷயம் இருக்கிறது. சி3 என்ற இளமஞ்சள்-பச்சைத் தூள்தான் ஒளிர்வில் முதலிடம். பகலில் தூய வெள்ளையாகத் தெரியும் சி1 அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பகலில் வெள்ளை, இரவில் நீலம் என்ற பிஜிடபிள்யூ9 ஏறக்குறைய சி3-க்கு நிகர். விளக்கை அணைத்த உடனே பச்சைதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் நடுராத்திரியில் பழகிய கண் நீலப்பச்சைப் பக்கம் சாய்ந்துவிடுவதால், கடைசியில் நீலமும் விட்டுக்கொடுக்காது. பழைய வாட்ச் மாதிரி தெரியவேண்டும் என்று பழுப்புச் சாயம் கலந்து வரும் பூச்சுகள் இருக்கின்றனவே, அவற்றில் சாயம் ஒளியைத் தின்றுவிடும். எனக்கும் அந்த மோகம் ஒருமுறை வந்தது. பழுப்பு எண்களோடு ஆசையாக வாங்கிய வாட்ச் இரவு பத்து மணிக்கே படுத்துவிடும்.

ஒரு ராத்திரி மூன்றை வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தேன்: ஒரு டைவர் வாட்ச், அந்தப் பழுப்பு எண் வாட்ச், முள்ளில் மட்டும் கோடுபோல் லூம் உள்ள ஒரு சாதாரண ஆபீஸ் வாட்ச். மூன்றுக்கும் ஃபோன் டார்ச்சை முப்பது முப்பது விநாடி ஒட்டிப் பிடித்தேன். விளக்கை அணைத்ததும் டைவர் வாட்ச் பக்கத்திலிருந்த பேனாவைக் காட்டுமளவுக்கு எரிந்தது. ஒரு மணிக்கு எழுந்தபோது ஆபீஸ் வாட்சின் முள் எங்கோ இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. பழுப்பு எண் போயே போய்விட்டது. நாலரைக்கு டைவர் வாட்சை நேராகப் பார்த்தால் மங்கல் புகைபோலத்தான் இருந்தது. பார்வையைச் சற்றே விலக்கிப் பக்கவாட்டில் பார்த்தபோது முள் தனியாகப் பிரிந்து தெரிந்தது. இருட்டில் வேலை செய்யும் கண்செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கோணல் பார்வை பலிக்கிறது.

எந்த வெளிச்சம் என்பதும் முக்கியம். இந்தத் தூள் குடிப்பது நீலத்தையும் புற ஊதாவையும். மஞ்சள் குண்டு பல்பு, மஞ்சளடித்த எல்இடி எல்லாம் அரைவயிறுதான் நிரப்பும். வெள்ளை எல்இடி டார்ச் நன்றாக வேலை செய்யும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச் ஐந்தே விநாடியில் நிரப்பிவிடும், கண்ணில் மட்டும் அடித்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: சூடு ஏறினால் பூச்சு வேகமாகக் கக்கும், முதலில் பிரகாசமாக எரிந்து சீக்கிரம் தீரும். குளிரில் நிதானமாக ஒழுகும்.

பில்லில் வராத செலவு என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, ஈரம். நிரப்பி நிரப்பிக் காலிசெய்வதால் இந்தத் தூள் தேய்வதில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் கெடும். முச்சந்திக் கடையில் பேட்டரி மாற்றும்போது ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைக்காமல் மூடிவிட்டால், ஒரு மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பனி படியும். பூச்சு சாம்பல் பூத்துவிடும். மீண்டும் பூசித் தருகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனித் தூளா, கலர்ப்பொடி மாதிரி ஏதோ ஒன்றா என்று நமக்குத் தெரியாது. பேட்டரியோடு அந்த வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள், செலவு அற்பம்.

யாருக்குச் சரி: இரவு வரை வெளிச்சத்தில் இருப்பவர்கள், அரைக்கைச் சட்டைக்காரர்கள், படுக்கப் போகும் முன் பத்து விநாடி டார்ச் காட்டச் சோம்பல்படாதவர்கள். யாருக்குச் சரிவராது: நாள்பூராவும் கோட்டுக்குள்ளோ பைக்குள்ளோ வாட்சை வைத்திருந்துவிட்டு, திடீரென்று இருட்டில் எடுத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு.

## ட்ரிடியம் குழாய்: தூண்டாமணி விளக்கு

கோயில் தூண்டாமணி விளக்கைத் திரி தூண்ட வேண்டாம், எண்ணெய் தானாக இறங்கும். ட்ரிடியம் குழாய் அந்த ரகம். ஊசி பருமனுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். உட்புறம் ஒளிர்பொருள் பூச்சு. உள்ளே ட்ரிடியம் வாயு. அது வெளியிடும் எலக்ட்ரான்கள் பூச்சில் மோதி ஒளி வருகிறது. பகல் வெளிச்சம், பேட்டரி எதுவும் தேவையில்லை. இந்தக் குழாய்களில் பெரும்பகுதியை ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் நகருக்கு அருகே நீடர்வாங்கனில் உள்ள எம்பி-மைக்ரோடெக் செய்கிறது. ட்ரேசர் அவர்களுடைய சொந்த பிராண்ட். லூமினாக்ஸ், பால், மாரத்தான் வாட்ச்களிலும் இதே நுட்பம்தான்.

கதிரியக்கம் என்றதும் பயப்படுவார்கள். இதன் கதிர் மிக பலவீனமானது, கண்ணாடியைத் தாண்டாது, மேல்தோலையும் தாண்டாது. குழாய் உடைந்தால் வாயு காற்றில் கலந்துவிடும். ஜன்னலைத் திறந்து விட்டு அறையை விட்டுச் சற்று நேரம் வெளியே இருந்தால் போதும். டயலில் 'டி25' என்றிருந்தால் கதிரியக்கம் 25 மில்லிகியூரிக்குள் (கதிரியக்கத்தின் அலகு), 'டி100' என்றிருந்தால் 100-க்குள் என்று பொருள். நூறுக்காரன் பிரகாசமானவன்.

ஒளிர்வு எப்படி? டார்ச் காட்டிய டைவர் வாட்சின் பக்கத்தில் வைத்தால் முதல் ஒரு மணி நேரம் ட்ரிடியம் தோற்றுப்போகும். இரவு ஏற ஏற, லூம் இறங்கும். ட்ரிடியம் இருந்த இடத்திலேயே நிற்கும். நாலு மணிக்கு எழுந்தவருக்குக் கோணல் பார்வை தேவையில்லை, பார்த்ததும் மணி தெரியும். பச்சைக் குழாய்தான் அதிகப் பிரகாசம். பன்னிரண்டு மணிக்கு மட்டும் ஆரஞ்சு வைத்திருந்தால் இருட்டில் வாட்சைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்று குழம்ப வேண்டாம். எல்லாமே நீலமாகவோ ஆரஞ்சாகவோ இருப்பது அழகுக்கு.

மறைந்த செலவு இதில்தான் அதிகம். ட்ரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. கையில் கட்டினாலும் கட்டாவிட்டாலும், கண்ணாடிப் பெட்டிக்குள் விற்காமல் கிடந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து வருடத்தில் 75 சதவீதம் மிச்சம், பத்தில் 57, இருபதில் 32 சொச்சம். உள்ளேயிருக்கும் ஒளிர்பொருளும் வயதாவதால் கண்ணுக்குத் தெரிவது இன்னும் குறையலாம். நான் ஒருமுறை செகண்ட்ஹேண்டில் ஒன்று வாங்கி ஏமாந்தேன். "புத்தம் புதுசு மாதிரி" என்றார் விற்றவர். கீறல் இல்லை, பட்டை புதிது. இரவில் பார்த்தால் பொட்டுப்பொட்டாக ஏதோ தெரிந்தது. பின்மூடியைப் பார்த்துத் தேதியை விசாரித்தபோது பதின்மூன்று வயது. அன்றிலிருந்து ட்ரிடியம் வாட்சில் முதல் கேள்வி, "எந்த வருஷம் செய்தது?" என்பதுதான்.

குழாயை மாற்றலாம், ஆனால் நம் தெருமுனைக் கடைக்காரர் மாற்ற முடியாது. கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பெயர் பெற்ற வாட்ச் என்றால் விலை பெரும்பாலும் ஐந்திலக்கம். உள்ளூர்க் கடைகளில் அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் சேரும்.

யாருக்குச் சரி: முன்னேற்பாடு செய்ய முடியாத இருட்டில் இருப்பவர்கள், நீளக் கைச்சட்டைக்காரர்கள், குகை, கடல், காவல் என்று வேலை உள்ளவர்கள், இரவில் அடிக்கடி எழுந்து ஒரே பார்வையில் மணி தெரியவேண்டும் என்பவர்கள். யாருக்குச் சரிவராது: ஒரே வாட்சை இருபத்தைந்து வருடம் வைத்திருந்து மகனுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு.

## பட்டன் விளக்கு: தீக்குச்சி

1992-இல் டைமெக்ஸ் இண்டிக்ளோ கொண்டுவந்தது. டயல் முழுவதும் நீலப்பச்சையாக எரியும் தகடு. அமைதியான அறையில் காதருகே வைத்து அழுத்தினால் மெல்லிய ரீங்காரம்கூடக் கேட்கும். பேட்டரியின் மின்சாரத்தை மாற்றுமின்சாரமாக்கி அந்தத் தகட்டுக்குக் கொடுக்கும் சத்தம் அது. 1989-இலிருந்து வரும் கேசியோ எஃப்-91டபிள்யூவில் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை எல்இடி. வலது பக்கம் வரை வெளிச்சம் எட்டுவது கொஞ்சம் சிரமம், ஆனாலும் மணி தெரிந்துவிடும். விலையோ லூம் வாட்ச்களோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

இதற்கு "எவ்வளவு நேரம் ஒளிரும்" என்ற கேள்வியே கிடையாது. ஓரிரு விநாடி. ஆனால் எந்த இரவிலும், எந்த மணியிலும், வெயிலையே பார்க்காத வாட்சாக இருந்தாலும் அந்த ஓரிரு விநாடி உத்தரவாதம். குறை என்னவென்றால் இன்னொரு கை வேண்டும். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பவருக்கு அது இல்லை. கையைத் திருப்பினாலே எரியும் வசதி சில கேசியோ ஜி-ஷாக்குகளில் உண்டு. அது தூக்கத்தில் புரளும்போதும் எரிந்து பேட்டரியைத் தின்னும், பக்கத்தில் படுத்திருப்பவரிடம் திட்டும் வாங்கித் தரும். தகட்டு விளக்கு நெடுநாள் உழைப்பில் மங்கும். எல்இடி அவ்வளவு சீக்கிரம் மங்காது.

ஸ்மார்ட்வாட்சும் இந்தக் கணக்கில்தான் வரும். தினமும் சார்ஜரில் கிடக்கும் இரவில் அது கையிலேயே இல்லை. அதோடு, மணி பார்க்கப் போனவருக்கு மெசேஜும் தெரியும். மைத்துனருக்கு ஃபோனில் இருக்கும் அதே வியாதி.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | லூம் பூச்சு (தடித்தது) | ட்ரிடியம் குழாய் | பட்டன் விளக்கு |
|---|---|---|---|
| விளக்கை அணைத்ததும் | மிகப் பிரகாசம் | மங்கல் | அழுத்தினால் பளிச் |
| அதிகாலை 4 மணிக்கு | பழகிய கண்ணுக்கு மட்டும் | மாறாமல் அதே அளவு | அழுத்தினால் பளிச் |
| முன்னால் வெளிச்சம் வேண்டுமா | கட்டாயம் | வேண்டாம் | வேண்டாம் |
| இன்னொரு கை | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் |
| பத்து வருடம் கழித்து | ஈரம் படாவிட்டால் அப்படியே | 57 சதவீதம், அல்லது குறைவு | பேட்டரி மாற்றினால் சரி |
| எதிர்பாராத செலவு | ரப்பர் வளையம் | குழாய் மாற்று, சுங்கவரி | பேட்டரி |

## மூவருக்கும் என்ன சொன்னேன்

நர்ஸுக்கு மணியைவிட விநாடி முக்கியம். நாடி எண்ண வேண்டும். டைவர் வாட்ச்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரம், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும், வாட்ச் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும் என்கிறது. ஆகவே அந்தத் தரத்தில் வரும் வாட்சின் விநாடி முள்ளில் ஒரு லூம் பொட்டு இருக்கும். விநாடி முள்ளுக்கு லூம் இல்லாத வாட்ச் எவ்வளவு மின்னினாலும் அவருக்கு உதவாது. அவருடைய மருத்துவமனையில் மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் தலைகீழ் வாட்சில் லூம் உள்ளதாகத் தேடச் சொன்னேன். வார்டு விளக்கு நாள்பூரா அதற்குச் சோறு போடும், ட்ரிடியத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

வெள்ளியங்கிரிப் பையனுக்கு ஒரு கையில் மூங்கில் தடி, மறு கையில் டார்ச். பட்டன் அழுத்த மூன்றாவது கை வேண்டும். ஆனால் டார்ச்சே கையில் இருக்கிறதே! அவ்வப்போது வாட்சின் மேல் இரண்டு விநாடி அடித்துக்கொண்டால் எந்த லூமும் போதும். அவன் ட்ரிடியம் பற்றி வீடியோவெல்லாம் பார்த்துவிட்டு வந்திருந்தான். அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கு என்றேன். கொஞ்சம் முகம் சுருங்கிற்று.

மைத்துனர் கேஸ்தான் இழுபறி. இரவு மூன்று மணி, கும்மிருட்டு, ஒரே பார்வையில் தெரியவேண்டும், எழுந்து பட்டனைத் தேடினால் தூக்கம் கலையும். எல்லாம் ட்ரிடியத்துக்குச் சாதகம். ஆனால் மனிதர் வாட்சை வாங்கினால் பதினைந்து வருடம் மாற்றமாட்டார். கணக்குப் போட்டால் கடைசி இரண்டு மூன்று வருடம் பாதி வெளிச்சத்துக்கும் கீழே. அதனால் தடித்த லூம் உள்ள டைவர் வாட்ச், படுக்கும்முன் ஃபோன் டார்ச் பத்து விநாடி, அப்புறம் ஃபோனை ஹாலில் வைத்துவிட வேண்டும் என்று சொன்னேன். கடைசிப் பகுதிக்கு அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. ஷோகேஸ் விளக்கடியில் கிடந்த வாட்ச் எப்படியும் மின்னும், அதை நம்பாதீர்கள். வாட்சை அரை மணி நேரம் மேஜை டிராயருக்குள் வைக்கச் சொல்லுங்கள். கடையில் வேறு ஏதாவது பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு டிராயரை லேசாக மட்டும் திறந்து, வெளிச்சம் படாமல் துணிக்குள் சுற்றி எடுத்து, கையைக் குவித்து, ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். அப்போது முள்ளும் பன்னிரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால் பில் போடச் சொல்லலாம்.